சாமுவேல் என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாமுவேல் என்றால் என்ன பொருள்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

"தேவனுடைய பெயர்" அல்லது "அவர் பெயர் ஏல்" (ஏல் என்றால் தேவன்). எழுத்துகளை வைத்துப் பார்த்தால் இதுதான் நிற்கும். ஆனால் தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களில் பெரும்பாலும் இதைக் காண முடியாது. அங்கே "தேவனிடம் கேட்டுப் பெற்றவன்" என்றோ "தேவன் கேட்டருளினார்" என்றோதான் போட்டிருப்பார்கள். முன்னது சாமுவேலின் தாய் அன்னாள் வேதத்தில் சொல்லும் காரணம். பின்னது ஓர் ஆங்கில அகராதியின் வழியாகப் பரவியது. மூன்றும் மூன்று வெவ்வேறு எபிரேயச் சொற்களிலிருந்து வருகின்றன. தமிழில் படிக்கும்போது இரண்டு ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அன்னாளே காரணம் சொல்லிவிட்டாளே, பிறகு என்ன ஆராய்ச்சி?

1 சாமுவேல் 1:20-இல் குழந்தை பிறந்ததும் அன்னாள், கர்த்தரிடத்தில் இவனைக் கேட்டேன் என்று சொல்லி அந்தப் பெயரை வைக்கிறாள். அவள் பயன்படுத்தும் வினை "ஷாஅல்". கேட்டல், வேண்டுதல், இரத்தல் என்று பொருள். அதன் மூன்று எழுத்துகள் ஷீன், ஆலெப், லாமேட்.

சாமுவேலின் எபிரேய வடிவமான "ஷெமூஏல்" என்ற பெயரில் இருப்பவை ஐந்து எழுத்துகள்: ஷீன், மேம், வாவ், ஆலெப், லாமேட். (119ஆம் சங்கீதத்தின் பகுதித் தலைப்புகளாகத் தமிழ் வேதாகமத்தில் இந்த எழுத்துப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். வாவ் மட்டும் அங்கே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.) ஷாஅல் வினையின் மூன்று எழுத்துகளும் இந்த ஐந்துக்குள் வரிசை மாறாமல் இருப்பது உண்மை. ஆனால் நடுவில் புகுந்த மேமுக்கு அந்த வினையில் வேலையே இல்லை. எபிரேயத்தில் வேர் எழுத்துகளுக்கு நடுவே ஒரு மெய்யைச் சும்மா செருக முடியாது.

"கேட்கப்பட்டவன்" என்றே பெயர் வைக்க அன்னாள் நினைத்திருந்தால் எபிரேயத்தில் அதற்கு ஆயத்தமாக ஒரு பெயர் இருந்தது: ஷாஊல். தமிழில் சவுல். ஆம், இஸ்ரவேலின் முதல் ராஜாவின் பெயர்.

அப்படியானால் வேதம் தவறாகச் சொல்கிறதா?

இல்லை. பெயருக்கு வேர்ச்சொல் காட்டுவது எபிரேயக் கதைசொல்லியின் நோக்கமல்ல. பெயரின் ஓசையைப் பிடித்து, அந்தப் பிறப்பின் சூழலோடு முடிச்சுப் போடுவதே அவர் செய்வது. நம் ஊர்த் தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்குச் சொல்லும் காரணங்களைப் போல.

இதே முறை வேதம் முழுக்க உண்டு. ஆதியாகமம் 5:29-இல் லாமேக்கு தன் மகனுக்கு நோவா என்று பெயரிட்டு, இவன் நம்மைத் தேற்றுவான் என்கிறான். தேற்றுதல் என்பதற்கான வினை "நாகம்": நூன், கேத், மேம். நோவாவின் பெயரில் நூனும் கேத்தும் மட்டுமே உண்டு. அந்தப் பெயர் உண்மையில் இளைப்பாறுதல் என்ற "நூவக்" வினையோடு சேர்ந்தது. அங்கே ஒரு மேம் குறைகிறது, சாமுவேலில் ஒரு மேம் கூடுகிறது. ஆதியாகமம் 11:9-இல் பாபேல் என்ற பெயரைத் தாறுமாறாக்குதல் என்ற "பாலல்" வினையோடு சேர்ப்பதும் இதுதான். பாபிலோனியரைக் கேட்டால் "பாப்-இலி", அதாவது தெய்வத்தின் வாசல் என்பார்கள்.

ஆகவே எந்த வேதாகமப் பெயரைப் பற்றியும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். பெயர் எங்கிருந்து வந்தது? அதை வைத்துக் கதை என்ன செய்கிறது? ஒன்றின் விடையை மற்றதற்குச் சொல்வதுதான் வழக்கமான பிழை.

"தேவனிடம் கேட்டேன்", "தேவன் கேட்டார்" இரண்டும் ஒன்றுதானே?

தமிழில்தான் ஒன்றுபோலத் தெரியும். எபிரேயத்தில் இரண்டு வினைகளுக்கும் உறவே கிடையாது.

நம்முடைய "கேள்" வினை மூன்று வேலை செய்கிறது. கடன் கேட்டான் என்றால் வேண்டுதல். பாட்டுக் கேட்டான் என்றால் செவிமடுத்தல். பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்றால் கீழ்ப்படிதல். எபிரேயத்தில் வேண்டுவதற்கு "ஷாஅல்". செவிமடுப்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் "ஷாமா" (ஷீன், மேம், ஆயின்). அதனால் ஆங்கிலத்தில் படிப்பவருக்கு 1:20-இல் பெயரும் காரணமும் ஒட்டவில்லையே என்று உறுத்தும். தமிழில் படிப்பவருக்கு உறுத்தாது. அன்னாள் கேட்டாள், கர்த்தர் கேட்டார், சாமுவேல் என்றால் "கேட்டார்" என்று எல்லாம் கச்சிதமாக அமைந்துவிடும். பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பொருத்தம் தமிழ் வினை தந்த பரிசு, எபிரேய மூலத்தில் கிடையாது.

"தேவன் கேட்டருளினார்" என்ற பொருள் ஏன் நிற்காது?

ஆயின் எழுத்து இல்லாததால். ஷாமா வினையின் கடைசி எழுத்து ஆயின். தொண்டையின் அடிப்பகுதியை இறுக்கி எழுப்பும் மெய் அது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இல்லை என்பதால் பெயர்ப்பில் காணாமல் போய்விடும். எபிரேய எழுத்தில் காணாமல் போகாது.

ஷாமாவிலிருந்து பிறந்த பெயர்களைப் பாருங்கள். இஸ்மவேல் (யிஷ்மாஏல், "ஏல் கேட்பார்") பெயரில் ஆயின் இருக்கிறது. ஆதியாகமம் 16:11-இல் கர்த்தர் உன் உபத்திரவத்தைக் கேட்டார் என்று ஆகாருக்குச் சொல்லப்படும் காரணமும் அதே வினைதான். பெயரும் காரணமும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் அரிய இடம் அது. சிமியோன் (ஆதி. 29:33) பெயரிலும் ஆயின் உண்டு. செமாயா பெயரிலும் உண்டு. சாமுவேலில் மட்டும், ஓரிடத்தில்கூட, ஆயின் போட்டு எழுதப்படவில்லை. "ஷெமூவா-ஏல்" என்பது விரைவில் சொல்லும்போது தேய்ந்து ஷெமூஏல் ஆனது என்று முன்பு சிலர் விளக்கினார்கள். இஸ்மவேலில் தேயாத ஆயின் இங்கே மட்டும் ஏன் தேய்ந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

சரி, "தேவனுடைய பெயர்" என்பதற்கு என்ன ஆதாரம்?

பெயரைப் பிரித்தால் ஷெம் + ஊ + ஏல். "ஷெம்" என்றால் பெயர். "ஏல்" என்றால் தேவன். நடுவில் உள்ள "ஊ"வை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பழைய கானானிய மொழியில் எழுவாயாக வரும் பெயர்ச்சொல்லுக்கு "உ" என்ற ஈறு இருந்தது. பிற்கால எபிரேயத்தில் அது உதிர்ந்துபோனது. ஆட்பெயர்களிலும் ஊர்ப்பெயர்களிலும் மட்டும் பழைய தூணைப் போல நின்றது. இன்னொரு பார்வையில் அது "அவருடைய" என்ற விகுதி. அப்போது "அவர் பெயர் ஏல்" என்று வரும்.

முதல் பார்வைக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். யாக்கோபு போராடிய இடத்தின் பெயர் ஆதியாகமம் 32:30-இல் பெனியேல், அடுத்த வசனத்திலேயே பெனூவேல். ஒரே இடம், ஒரே பொருள் ("ஏலின் முகம்"), நடுவில் இ ஒருமுறை, உ ஒருமுறை. பெத்துவேல், ரெகுவேல் போன்ற பெயர்களும் இதே அச்சில் அமைந்தவை.

வேதத்துக்கு வெளியேயும் உறவுக்காரப் பெயர்கள் உண்டு. பாபிலோனின் முதல் அரச மரபைத் தொடங்கியவர் சுமு-அபும். அவருக்கு அடுத்து வந்தவர் சுமு-லா-ஏல். அதே கி.மு. 19ஆம் நூற்றாண்டில் தெற்கு மெசொப்பொத்தேமியாவின் லார்சா நகரை ஆண்ட அரசர் ஒருவரின் பெயர் சுமு-ஏல். இவை எமோரியப் பெயர்கள். "சுமு" என்பது எபிரேய ஷெம்முக்கு உடன்பிறப்பு. சாமுவேல் தீர்க்கதரிசிக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த அச்சில் பெயர் வைக்கும் பழக்கம் அந்த நிலப்பரப்பில் இருந்திருக்கிறது.

ஒரு குழந்தைக்கு "தேவனுடைய பெயர்" என்று பெயர் வைப்பார்களா? விசித்திரமாக இருக்கிறதே.

பாபிலோனிலும் அசீரியாவிலும் வழங்கிய அக்காதிய மொழியைக் கவனித்தால் விசித்திரம் குறையும். அங்கே "ஷுமு" என்றால் பெயர் மட்டுமல்ல, பெயரைத் தாங்கப் பிறந்த வாரிசும்தான். அசீரியப் பேரரசன் அசூர்பனிபாலின் சகோதரன் பெயர் ஷமஷ்-ஷும்-உகின்: "ஷமஷ் தெய்வம் ஒரு வாரிசை நிலைநிறுத்தினார்".

தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது. "பேர் சொல்ல ஒரு பிள்ளை" என்று இன்றும் சொல்கிறோம். பிள்ளையில்லாத அன்னாளின் கதையில் ஷெம் என்ற சொல்லை இந்தக் காதோடு கேட்டால் "ஏல் தந்த வாரிசு" என்ற பொருள் எவ்வளவு இயல்பாக அமைகிறது என்று தெரியும். இதை உறுதியான பொருளாகச் சொல்ல முடியாது. எபிரேயத்தில் ஷெம் அந்த வேலையை அக்காதியத்தைப் போல வெளிப்படையாகச் செய்வதில்லை. ஆனாலும் மதிக்கத்தக்க கருத்து.

சவுலின் பெயர் ஏன் இங்கே நுழைகிறது?

அன்னாளின் கதையில் ஷாஅல் என்ற வேர் ஒன்பது முறை வருகிறது. 1:17-இல் இரண்டு (ஆசாரியன் ஏலியின் ஆசீர்வாதம்), 1:20-இல் ஒன்று, 1:27-இல் இரண்டு, 1:28-இல் இரண்டு, 2:20-இல் இரண்டு. இத்தனை முறை ஒரு வேரைத் தட்டுவது தற்செயல் அல்ல.

உச்சம் 1:28-இல். பிள்ளையை ஆலயத்தில் விடும்போது அன்னாள் சொல்லும் சொற்கள் எபிரேயத்தில் "ஹூ ஷாஊல்" என்று வருகின்றன: இவன் கேட்கப்பட்டவன், கொடுக்கப்பட்டவன். ராஜாவின் பெயர் எப்படி எழுதப்படுமோ அதே நான்கு எழுத்துகள், அதே உயிர்க்குறிகள். சாமுவேலை அறிமுகம் செய்யும் காட்சியில் "இவன் சவுல்" என்று காதில் விழுகிறது! தமிழ் மொழிபெயர்ப்பில் இது எட்டாது. "கேட்கப்பட்ட" என்றோ "அர்ப்பணிக்கப்பட்ட" என்றோ ஏதோ ஒன்றைத்தான் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்க முடியும்.

அதே வசனத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. "நான் இவனைக் கர்த்தருக்குக் கொடுக்கிறேன்" என்பதற்கும் எபிரேயத்தில் அதே ஷாஅல் வேர்தான், பிறவினை வடிவில். கேட்டல் என்ற வினையைப் பிறவினையாக்கினால் கேட்டவருக்குக் கொடுத்தல், இரவல் தருதல் என்று ஆகும். தமிழிலும் இர என்ற வேரிலிருந்தே இரத்தலும் வந்தது, இரவலும் வந்தது. அன்னாள் இரந்து பெற்றதை இரவலாகத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று சொன்னால் மூலத்தின் சொல்விளையாட்டில் முக்கால்வாசி தமிழில் வந்துவிடும்.

இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலுடையதாக இருந்திருக்குமோ?

அப்படி ஒரு கருத்து ஆய்வாளர்களிடையே நெடுநாளாக உண்டு. சவுலின் பிறப்பைச் சொன்ன பழங்கதை பின்னர் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது, பெயர்க்காரணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது என்பார்கள். ஒன்பது "ஷாஅல்"களையும் விளக்கும் எளிய வழி அது.

ஆனால் அதை ஏற்றால் ஆசிரியரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். நூலின் மற்றப் பகுதிகளைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. 8:10-இல் ஜனங்கள் சாமுவேலிடம் ராஜாவைக் "கேட்டவர்கள்". அதே வேர். 12:13, 17, 19 வசனங்களிலும் அதே வேர் திரும்பத் திரும்ப வருகிறது: நீங்கள் கேட்ட ராஜா, ராஜாவைக் கேட்ட பாவம். ஒரு தாய் கேட்டதும் ஒரு ஜனம் கேட்டதும் ஒரே சொல்லால் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. கடைசியில் 28:6-இல் சவுல் கர்த்தரிடம் கேட்கிறான், பதில் வரவில்லை. எபிரேயத்தில் அது "வய்யிஷ்அல் ஷாஊல்". கேட்டவன் பெயரும் கேட்ட செயலும் ஒரே ஓசை. இறந்தபின் எந்தோர் என்ற ஊரில் எழும்பி வந்த சாமுவேல், என்னிடத்தில் ஏன் கேட்கிறாய் என்று சொல்வதும் (28:16) அதே வேர்தான். பாதாளத்தைக் குறிக்கும் "ஷெயோல்" என்ற சொல்லையும் உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் அதே நான்கு எழுத்துகள் என்பதைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் காட்சி இன்னும் இருளும்.

இவ்வளவு தூரம் நூலை இழைத்தவர் முதல் அதிகாரத்தில் அறியாமல் தடுமாறினார் என்பதை நம்புவது கடினம். பொருந்தாத பெயர்க்காரணம் தெரிந்தே வைக்கப்பட்டது என்று கொள்வதே நூலுக்கு நியாயம் செய்யும்.

"கேட்டல்" என்ற பொருளுக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா?

உண்டு, பெயரின் வேராக அல்ல, எதிரொலியாக. மூன்றாம் அதிகாரத்தில் ஆலயத்தில் படுத்திருக்கும் சிறுவன், சொல்லும், அடியேன் கேட்கிறேன் என்கிறான். அங்கே வருவது ஷாமா. ஷெமூஏல் என்ற பெயரின் ஷ-ம ஓசை அதில் கேட்கும். 15ஆம் அதிகாரத்தில் அதே சாமுவேல் சவுலிடம், கர்த்தருடைய சொல்லை ஏன் கேளாமற்போனாய் என்கிறார் (15:19). பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற புகழ்பெற்ற வசனத்திலும் (15:22) ஷாமாதான். அதே அதிகாரத்தில் 14ஆம் வசனம் குறும்பானது: கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சவுல் சொல்ல, அப்படியானால் நான் கேட்கிற ஆட்டுச் சத்தம் என்ன என்கிறார் சாமுவேல்.

வேண்டும் வினை சவுலின் பக்கம், செவிகொடுக்கும் வினை சாமுவேலின் பக்கம். தமிழில் இரண்டும் கேள்தான். வசனம் படிக்கும்போது எந்தக் "கேள்" என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் போதும், நூலின் எலும்புக்கூடு தெரியும்.

பெயரில் உள்ள "வேல்" முருகன் வேலா?

இல்லை. அந்த வகரம் உடம்படுமெய்.

கிரேக்கத்தில் இந்தப் பெயர் "சமூஏல்". உகரத்துக்குப் பின் ஏகாரம் வந்தால் தமிழ் நடுவில் வகரத்தைப் போடும். இ, ஈ, ஐ வழி யகரம், மற்ற உயிர்வழி வகரம் என்ற நன்னூல் விதியே. சாமு + ஏல் = சாமுவேல். இம்மானுவேல், பெத்துவேல், யோவேல், மிகாவேல் எல்லாம் அப்படியே. முன்னால் இகரம் இருந்தால் யகரம்: தானியேல், எசேக்கியேல், காபிரியேல். மேலே சொன்ன பெனியேல், பெனூவேல் இரட்டையர் இந்த விதிக்குப் பாடநூல் உதாரணம். சவுல் என்ற பெயரின் வகரமும் அதே வகை; ஷா-ஊல் என்பதில் வகரமே கிடையாது.

விதி எப்போதும் செல்லும் என்றும் சொல்ல முடியாது. புதிய ஏற்பாட்டில் வரும் நாத்தான்வேல் பெயரில் ஏலுக்கு முன் இருப்பது மெய்யெழுத்து. அங்கே உடம்படுமெய்க்கு வேலையில்லை. மற்ற வேல்களைப் பார்த்து ஒட்டிக்கொண்ட வேல் அது. 1995-இல் வந்த திருவிவிலியம் அதை நத்தனியேல் என்றும், இஸ்ரவேலை இஸ்ரயேல் என்றும் மாற்றிக்கொண்டது. சாமுவேலை அப்படியே விட்டுவிட்டது.

சாமிவேல், சாமிவேலு என்ற இந்துப் பெயர்களுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவற்றில் இருப்பது உண்மையான வேல்.

எபிரேயத்தில் "ஷெ", தமிழில் எப்படிச் "சா" ஆனது?

எபிரேயத்தில் ஷீனுக்குக் கீழே இருப்பது மிகக் குறுகிய உயிர். இன்றைய இஸ்ரவேலில் "ஷ்மூஎல்" என்றே சொல்கிறார்கள். கிரேக்கத்தில் "ஷ" ஒலி இல்லை, அந்தக் குற்றுயிரும் இல்லை. ஆகவே ஸகரமும் அகரமும் வந்தன. ஷெலோமோ சாலொமோன் ஆனதும் இதே வழிதான். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தபோதே இந்தப் பெயரைத் தமிழில் எழுதும் தேவை வந்துவிட்டது. அப்போஸ்தலர் 3:24, 13:20, எபிரெயர் 11:32 ஆகிய இடங்களில் அது வருகிறது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை கொண்டுவந்து 1719-இல் அவர் காலமானார். ரூத்துக்கு அடுத்தது சாமுவேல். மிச்சத்தை பெஞ்சமின் சூல்ட்சே 1728-க்குள் முடித்தார்.

ஏல் என்று முடிந்தால் தேவனைக் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ராகேல் என்றால் பெண் ஆடு. அதன் லகரம் வேரிலேயே உள்ளது. ஆபேல் (ஹெவெல்) என்றால் மூச்சு, ஆவி. யேசபேலிலும் ஏல் இல்லை. இவற்றில் லாமேடுக்கு முன் ஆலெப் இல்லை என்பதே அடையாளம்.

சாமுவேலை வளர்த்த ஏலியின் பெயரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "என் தேவன்" என்று பொருள் சொல்லிவிடுவார்கள். என் தேவன் என்பது ஆலெப்பில் தொடங்கும் "ஏலீ", சிலுவையில் சொல்லப்பட்ட சொல். ஆசாரியன் ஏலியின் பெயர் ஆயினில் தொடங்குகிறது. உயர்வு என்ற பொருளுள்ள வேரோடு சேர்ப்பார்கள். தமிழில் இரண்டும் ஏகாரம். எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொன்னால் இதுதான் நடக்கும்.

"தேவனால் கேட்கப்பட்டவர்" என்ற பொருள் எங்கிருந்து பரவியது?

பெரும்பாலும் 1890-இல் வந்த, ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்ட்ராங் அகராதியிலிருந்து. அதில் சாமுவேலின் எண் எச்8050. அதற்கு நேரே ஷாமா (எச்8085), ஏல் (எச்410) இரண்டையும் காட்டி, தேவனால் கேட்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருக்கும். கைபேசிச் செயலிகளும் பெயர்ப் புத்தகங்களும் அதையே எடுத்துப் போடுகின்றன. அதற்குப் பின் வந்த பிரௌன்-டிரைவர்-பிரிக்ஸ் எபிரேய அகராதி "தேவனுடைய பெயர்" என்கிறது. ஸ்ட்ராங் எண்கள் சொல்லைத் தேடப் பயன்படும் நல்ல கருவி. பெயர்ப்பொருளுக்கு அதையே கடைசி வார்த்தையாக வைக்கக் கூடாது.

"தேவனிடம் கேட்கப்பட்டவன்" என்ற பொருள் இன்னும் பழையது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், சாமுவேல் என்பதைக் கிரேக்கத்தில் "தெயாயிதெத்தோஸ்", தேவனிடம் கேட்டுப் பெற்றவன், எனலாம் என்று எழுதினார். இடைக்கால யூத இலக்கண அறிஞர் டேவிட் கிம்கி இன்னும் கெட்டிக்காரத்தனமாக, "ஷாஊல் மேஏல்" (ஏலிடமிருந்து கேட்கப்பட்டவன்) என்பதன் சுருக்கம் என்றார். மேம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது ஒரு பதில்தான். ஆனால் எபிரேய ஆட்பெயர்கள் அப்படிச் சுருங்குவதற்கு வேறு உதாரணம் காட்டுவது கடினம்.

வேறொரு பெயரின் பொருளை நானே சரிபார்ப்பது எப்படி?

முதலில் பெயர் வைக்கப்படும் வசனத்தை எடுங்கள். "ஏனெனில்", "என்று சொல்லி" என்று ஏதாவது காரணம் இருந்தால் அதில் உள்ள வினை எது என்று குறியுங்கள். ஸ்ட்ராங் எண் காட்டும் செயலியில் பெயரின் எண்ணையும் வினையின் எண்ணையும் தனித்தனியே தட்டி, எபிரேய எழுத்துகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். உயிர்க்குறிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். மெய்கள் மட்டும் போதும்.

மெய்கள் எல்லாம் பொருந்தினால் (இஸ்மவேல் போல) வசனம் சொல்லும் காரணமே வேராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ (சாமுவேல், நோவா போல) அது ஓசைவிளையாட்டு. அப்போது அதே அச்சில் உள்ள மற்றப் பெயர்களைத் தேடுங்கள். பழக நோவாவை எடுத்துக்கொள்ளலாம்: பெயர் எச்5146, தேற்றுதல் எச்5162, இளைப்பாறுதல் எச்5117.

தவறு நேரும் இடங்கள் மூன்று. ஆலெப்பையும் ஆயினையும் ஒன்றாக எண்ணுவது முதல். கேத்தையும் ஹே எழுத்தையும் குழப்புவது இரண்டு. அச்சில் ஒரு சின்ன இடைவெளிதான் வேறுபாடு. தமிழ் எழுத்தை வைத்து முடிவு கட்டுவது மூன்று, எல்லாவற்றிலும் மோசமானது.

வேதத்தில் வேறு சாமுவேல்கள் உண்டா? இஸ்லாமிய மரபில்?

எண்ணாகமம் 34:20-இல் கானானைப் பங்கிட நியமிக்கப்பட்ட சிமியோன் கோத்திரத் தலைவர் ஒருவரும், 1 நாளாகமம் 7:2-இல் இசக்கார் கோத்திரத்தில் தோலாவின் மகன் ஒருவரும் எபிரேயத்தில் இதே பெயர் கொண்டவர்கள். அவர்களை யாரும் "கேட்டு" பெற்றதாகக் கதை இல்லை. பெயர் அன்னாள் உருவாக்கியது அல்ல, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்பதற்கு இவையும் துணை.

குர்ஆன் 2:246-இல் இஸ்ரவேலர் தங்களுக்கு ஓர் அரசரை நியமிக்கும்படி ஒரு நபியிடம் கேட்கிறார்கள். அங்கே பெயர் இல்லை. உரையாசிரியர்கள் பலர் அவரை ஷம்வீல் என்று அடையாளம் காட்டுகிறார்கள். அரபியில் சமவ்அல் என்ற வடிவமும் உண்டு. வட அரேபியாவின் தைமாவில் வாழ்ந்த, இஸ்லாத்துக்கு முந்தைய யூதக் கவிஞர் ஒருவர் அந்தப் பெயர்கொண்டவர். கொடுத்த வாக்கைக் காப்பதற்கு அரபியில் அவரையே பழமொழியாகச் சொல்வார்கள்.

குழந்தைக்குச் சாமுவேல் என்று வைக்கிறோம். ஞானஸ்நான அட்டையில் பொருள் என்ன எழுதலாம்?

"தேவனுடைய பெயர்" அல்லது "தேவனுடைய நாமம்" என்று எழுதுங்கள். கீழே 1 சாமுவேல் 1:20 என்று வசன எண்ணைப் போட்டால் அன்னாளின் வேண்டுதலும் கூடவே வந்துவிடும். நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்றால் "கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றவன்" என்று எழுத ஆசை வரும். அதில் பிழையில்லை, அது அன்னாள் சொன்னதுதான். "பொருள்" என்ற தலைப்பின் கீழ் போடாமல் வசனமாகப் போடுங்கள். "தேவன் கேட்டருளினார்" வேண்டுமென்றால் அதற்கு உரிய பெயர் இஸ்மவேல்.

பெயரின் எண் மதிப்பு என்ன?

ஷீன் 300, மேம் 40, வாவ் 6, ஆலெப் 1, லாமேட் 30. மொத்தம் 377. இதிலிருந்து பெயரின் பொருளைப் பற்றி எதுவும் தெரியவராது.

சாமுவேலின் மகன்களின் பெயர்கள்?

1 சாமுவேல் 8:2-இன்படி மூத்தவர் யோவேல் ("யாவே தேவன்"), இரண்டாமவர் அபியா ("யா என் தகப்பன்"). தந்தையின் பெயரில் ஏல் மட்டும், பிள்ளைகள் இருவர் பெயரிலும் கர்த்தரின் எபிரேயப் பெயரான யாவே (சுருக்கமாக யா). 1 நாளாகமம் 6:28-இல் மட்டும், 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு போன்ற பழைய பதிப்புகளில், மூத்தவர் பெயர் "வஷ்னி" என்றிருக்கும். அப்படி ஒருவர் இல்லை. பிரதி எடுத்தவர் யோவேலின் பெயரை விட்டுவிட்டார்; அடுத்து இருந்த "வஹஷ்ஷேனி", அதாவது "இரண்டாமவன்" என்ற சொல், ஆளின் பெயராகிவிட்டது.